டென்னிஸ் ஏன் பணக்காரர் விளையாட்டு எனப்படுகிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 3

டென்னிஸ் ஆட ஒரு மட்டை, சில பந்துகள், ஒரு வலை, எதிரே ஓர் ஆள் போதும். மட்டையைப் பிறர் பயன்படுத்தியதாகப் பார்த்து மலிவாக வாங்கிக்கொள்ளலாம். குதிரை வளர்க்க வேண்டியதில்லை, படகு வாங்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, இதைப் பணக்காரர் விளையாட்டு என்று எல்லோரும் ஏன் சொல்கிறார்கள்? வெள்ளை உடையும் விளம்பரங்களும் சேர்ந்து கட்டிய பொய்ப் பிம்பம் இது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 3, இரவு

பிம்பம் என்பதை ஏற்கிறேன், பொய் என்பதை ஏற்கவில்லை. இந்தப் பிம்பம் எப்போது பிறந்தது என்பதற்கு ஆண்டுக்கணக்கே இருக்கிறது. 1874இல் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்று, கம்பங்கள், வலை, மட்டைகள், பந்துகள், விதிப்புத்தகம் ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடைத்து ஐந்து கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) விலைக்கு விற்றார். அந்தப் பெட்டிக்குள் இல்லாத ஒரே பொருள் புல்தரை. அதை வாங்குபவர் ஏற்கெனவே வைத்திருக்க வேண்டும். எட்வின் பட்டிங் 1830இல் உருவாக்கிய புல்வெட்டும் இயந்திரமும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரில் செய்த, புல்லிலும் எழும்பக்கூடிய பந்தும் இல்லாமல் இந்த விளையாட்டே பிறந்திருக்காது. இவை இரண்டும் வந்த பிறகும், மட்டமாக வெட்டிய புல்வெளி யார் வீட்டில் இருந்தது? மரச் சுத்தியலால் பந்தைத் தட்டி ஆடும் குரோக்கே விளையாட்டுக்காக அதைப் பராமரித்துவந்த மாளிகைக்காரர்களின் வீட்டில்தான் இருந்தது.

ஆகவே இந்தப் பிம்பத்தை விளம்பரக்காரர்கள் உருவாக்கவில்லை. விளம்பரக்காரர்கள் வருவதற்கு முன்பே அது பெட்டியோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஜூன் 4

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க மறந்தேன். 1877இல் விம்பிள்டனில் நடந்த முதல் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் ஒரு கினி. 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்த சுமார் 200 பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தார்கள். இத்தனையும் எதற்காக என்றால், போட்டியை நடத்திய சங்கத்தின் புல்தரையைச் சமன்படுத்தும், மட்டக்குதிரை இழுக்கும் உருளை பழுதாகியிருந்தது, அதைச் சரிசெய்யப் பணம் இல்லை. பணக்காரர் விளையாட்டின் மிகப் பெருமைக்குரிய போட்டி, கைச்செலவுக்குப் பணம் திரட்டத் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஜூன் 5

"பெட்டி போய் 150 ஆண்டுகள் ஆகின்றன, இன்றைய காரணத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

இன்றைய காரணம் நிலம் என்று நினைக்கிறேன். டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்துக்கான அகலம் 8.23 மீட்டர். ஆனால் கோட்டுக்கு வெளியே ஓட இடமில்லாவிட்டால் ஆட முடியாது. அந்த இடத்தையும் சேர்த்து 36.57 மீட்டர் நீளமும் 18.29 மீட்டர் அகலமும் வேண்டும், ஏறத்தாழ 669 சதுர மீட்டர். அதில் ஆடுபவர்கள் இருவர். ஆளுக்கு 334 சதுர மீட்டர். ஒற்றையர் இறகுப்பந்தாட்டத்தில் ஆளுக்கு 35 சதுர மீட்டர், கூடைப்பந்தில் ஆளுக்கு 42. கூட்டம் மிகுந்த இடத்தில் இரண்டு பேர் ஆடுவதற்கு இவ்வளவு நிலத்தை ஒதுக்கினால் அதற்கு யாராவது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஜூன் 6, காலை

திருத்தம். கால்பந்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டதை ஒருவர் சுட்டிக்காட்டினார். 105 மீட்டருக்கு 68 மீட்டர் களத்தில் 22 பேர் ஆடினால் ஆளுக்கு 324 சதுர மீட்டர் வருகிறது. டென்னிஸுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உலகின் மிக எளிய மக்களின் விளையாட்டு என்று பெயர் பெற்ற ஒன்றும் அதே அளவு நிலத்தைத்தான் கேட்கிறது. என் வாதம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

ஜூன் 6, மாலை

திருத்தத்துக்கும் திருத்தம். காலையில் செய்த ஒப்பீட்டில் டென்னிஸுக்கு வெளி ஓட்ட இடத்தைச் சேர்த்துவிட்டு, கால்பந்துக்குக் கோட்டுக்குள் இருக்கும் இடத்தை மட்டுமே எடுத்திருக்கிறேன். கோட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் டென்னிஸில் ஆளுக்கு 98 சதுர மீட்டர்தான், அதாவது கால்பந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலம் என்ற காரணத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் விடமாட்டேன். கால்பந்து சுருங்கும், சந்திலும் மணலிலும் நான்கு பேரோடும் அது கால்பந்தாகவே இருக்கும். டென்னிஸ் அப்படிச் சுருங்காது. தரை ஒரே சீராக இல்லாவிட்டால் பந்து எழும்பும் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும், எழும்பும் உயரத்தை நம்பித்தான் மட்டையை வீச முடியும். எனவே விலை நிலத்தின் பரப்புக்கு அன்று, அதன் சமதளத்துக்கு.

ஜூன் 8

என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நான் டென்னிஸ் கற்றது ஒரு சுவரிடம். சங்கம் ஒன்றின் கம்பிவேலிக்கு வெளியே நின்று, தாண்டி வந்து விழும் பந்துகளைப் பொறுக்கித் திருப்பிக் கொடுப்பதுதான் முதலில் என் வேலை. ரோமம் தேய்ந்த பந்துகளை அவர்களே எனக்கு விட்டுவிடுவார்கள். அவற்றையும் நரம்பு தளர்ந்த ஒரு பழைய மட்டையையும் வைத்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல், இரண்டு ஆண்டுகள் சுவரில் அடித்தேன்.

பதினான்காவது வயதில் முதல்முறையாக உண்மையான களத்தில் இறங்கியபோது, சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது எவ்வளவு என்பதும் கெடுத்தது எவ்வளவு என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தன. சுவர் அருகில் இருப்பதால் பந்து பாதி நேரத்தில் திரும்பி வரும். அதற்கு ஈடுகொடுப்பதற்காக மட்டையைப் பின்னுக்கு இழுக்காமல் முன்னாலேயே வைத்துத் தட்டும் பழக்கம் எனக்கு ஊறிப்போயிருந்தது. களத்தில் பந்து மெதுவாக, உயரமாக, சுழன்று வந்தபோது அதற்காகக் காத்திருக்கவே எனக்குத் தெரியவில்லை. சுவர் ஒருபோதும் சர்வ் போடாது. அது பந்தை உங்கள் தலைக்கு மேல் தூக்கிப் போடாது, வலைக்கு அருகில் மெல்லச் சாய்த்துவிட்டு உங்களை ஓடவும் வைக்காது.

எதிரே நின்றவர் நல்லவர், ஆனால் அரை மணி நேரத்தில் சலித்துப்போனார். என்னோடு ஆடுவதில் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் மறுபடி என்னை அழைக்கவில்லை.

ஜூன் 9

நேற்று கடைசியாக எழுதிய வரியை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

மற்றப் பல விளையாட்டுகளில் தெரியாதவனையும் சேர்த்துக்கொள்ளலாம். கால்பந்தில் அவனை ஓரத்தில் நிறுத்தலாம், கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே அனுப்பலாம். அவனால் ஆட்டம் நின்றுவிடாது. டென்னிஸில் இருவரில் ஒருவருக்குத் தெரியாவிட்டால் ஆட்டமே இல்லை. பந்து வலையில் விழும், பொறுக்க வேண்டும், மறுபடி வலையில் விழும். தொடர்ந்து பத்துமுறை பந்தை இருவரும் மாற்றி மாற்றி அடிக்கும் நிலைக்கு வருவதற்கே புதியவருக்குப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் சலிக்காமல் எதிரே நின்று பந்து கொடுக்கும் ஆள் யார்? கூலிக்கு நிற்கும் பயிற்சியாளர், அல்லது பாசத்துக்கு நிற்கும் உறவினர்.

இந்த விளையாட்டில் விலை உயர்ந்த பொருள் மட்டையன்று, எதிரே நிற்கும் ஆள். பணம் கட்டிச் சங்கத்தில் சேருபவர் களத்துக்காகச் சேர்வதாகத்தான் சொல்லுவார். உண்மையில் தம் தரத்துக்கு ஏற்ற எதிராளி கிடைக்கும் இடம் அது என்பதால்தான் சேருகிறார்.

ஜூன் 9, சற்றுப் பிறகு

பந்தை மறந்துவிட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருப்பது சரி. பந்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம், அதனால்தான் காற்றுப் புகாத குப்பியில் அடைத்து விற்கிறார்கள். குப்பியைத் திறந்த நொடியிலிருந்து, நீங்கள் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ரப்பரின் வழியே அழுத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பெரிய போட்டிகளில் முதல் ஏழு கேம்களுக்கு (ஓர் ஆட்டத்தின் சிறு பகுதிகள்) பிறகும், அதன்பின் ஒவ்வொரு ஒன்பது கேம்களுக்கும் பந்துகளை மாற்றுகிறார்கள். முதல்முறை மட்டும் ஏழு என்பதற்குக் காரணம், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி அடிகளை இரண்டு கேம்களாகக் கணக்கிடுவதுதான். நரம்பும் அப்படியே, அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை, அறுவதற்கு முன்பே இழுவிசை போய்விடும். மட்டைக்கு ஒருமுறை செலவு, இவற்றுக்குத் தொடர்ந்து செலவு. அழுத்தம் நிரப்பாத பந்துகளும் கிடைக்கின்றன. கொஞ்சம் கனமாகத் தெரியும், ஆனால் நெடுநாள் உழைக்கும். சுவரில் அடிப்பவர்களுக்கு அவையே போதும்.

ஜூன் 11

"வில்லியம்ஸ் சகோதரிகள் எந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள்?" என்று ஒரே வரியில் கேட்டு என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். நல்ல கேள்வி, அதனால் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பெயர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன்.

வீனஸும் செரீனாவும் அமெரிக்காவின் காம்ப்டன் நகரத்தின் பொதுக் களங்களில் தந்தை ரிச்சர்ட், தாய் ஓரசீன் ஆகியோரிடம் கற்றார்கள். ஆர்தர் ஆஷின் தந்தை ரிச்மண்டில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த விளையாட்டுப் பூங்காவின் பராமரிப்பாளர். குடும்பம் அந்தப் பூங்காவுக்குள்ளேயே குடியிருந்ததால், டென்னிஸ் களம் சிறுவனுக்கு வீட்டுவாசல். கிறிஸ் எவர்ட்டின் தந்தை பொதுப் பூங்கா ஒன்றின் டென்னிஸ் பயிற்சியாளர். ஜிம்மி கானர்ஸுக்குத் தாயே ஆசிரியை. ஜோகோவிச்சின் பெற்றோர் செர்பியாவின் கோபாவோனிக் மலையில் பீட்சா உணவகம் நடத்திக்கொண்டிருந்தபோது, அதற்கு எதிரிலேயே டென்னிஸ் களங்கள் அமைக்கப்பட்டன. அங்கே பயிற்சியளித்த எலெனா கென்சிச் ஆறு வயதுச் சிறுவனைக் கண்டெடுத்தார். தீயணைப்பு வீரரின் மகளான பில்லி ஜீன் கிங், லாங் பீச்சின் பூங்காக்களில் கிளைட் வாக்கர் நடத்திய இலவச வகுப்புகளில் கற்றார்.

இவர்கள் யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்பது உண்மை. ஆனால் இந்த வரிசையை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். மற்றவர்கள் பணம் கொடுத்து வாங்கும் அந்த ஒன்று, சலிக்காமல் எதிரே நிற்கும் ஆளோ வாசலிலேயே இருக்கும் களமோ, இவர்களில் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. இந்த விதிவிலக்குகள் என் கூற்றை மறுக்கவில்லை, அதன் எடையைத்தான் காட்டுகின்றன.

ஜூன் 12

உடையைப் பற்றி இரண்டு நாளாக விவாதம் ஓடுகிறது, என் பங்குக்குக் கொஞ்சம். பதினொரு வயதில், 1955இல், பில்லி ஜீன் கிங் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டியில் குழுப் புகைப்படத்திலிருந்து விலக்கப்பட்டார். மற்றச் சிறுமிகள் டென்னிஸ் பாவாடை அணிந்திருக்க, இவர் தாய் தைத்துக் கொடுத்த அரைக்கால் சட்டையில் வந்திருந்தார் என்பதே காரணம். வெள்ளைத் துணி விலை அதிகமில்லை. களிமண் தரையில் ஆடிவிட்டு மறுநாள் அதே துணியை வெள்ளையாக அணிந்துவருவதற்கு வீட்டில் யாருக்காவது துவைக்க நேரம் இருக்க வேண்டும், அல்லது இன்னொரு ஜோடி இருக்க வேண்டும். என்னையும் ஒருமுறை சட்டையின் நிறத்துக்காக வாயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். அன்று நான் அணிந்திருந்ததும் வெள்ளைதான் என்பதை அவர்கள் நம்பவில்லை.

ஜூன் 14

ஒரு முக்கியமான காரணத்தை யாரும் தொடவில்லை, நானும் இதுவரை தொடவில்லை. 1968 வரை பெரிய டென்னிஸ் போட்டிகளில் ஆடிப் பிழைப்பவர்களுக்கு இடமில்லை. ஆட்டத்துக்காக வெளிப்படையாகப் பணம் வாங்கினால் தொழில்முறையாளர் என்று முத்திரை குத்தி, விம்பிள்டன் உள்ளிட்ட போட்டிகளிலிருந்து நீக்கிவிடுவார்கள். மறைவாகக் கைமாறிய பணத்துக்குக் கணக்கில்லை என்பது வேறு கதை. பணத்துக்காக ஆடாதவனே உயர்ந்தவன் என்ற விதி, பணம் தேவைப்படாதவன் எழுதிய விதி.

பருத்தி ஆலையில் நூற்பாளராகத் தொடங்கித் தொழிலாளர் தரப்பு நாடாளுமன்ற உறுப்பினரான ஒருவரின் மகன் ஃபிரெட் பெரி. 1934 முதல் 1936 வரை மூன்று முறை தொடர்ந்து விம்பிள்டனை வென்றார். முதல்முறை வென்ற அன்று, சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் தோற்றவரிடம், சிறந்தவர் வெல்லவில்லை என்று ஆறுதல் சொன்னதைத் தாம் காதால் கேட்டதாகப் பெரி பின்னாளில் கூறினார். 1936இல் அவர் தொழில்முறைக்கு மாறியதும் உறுப்பினர் தகுதி போயிற்று. அதே வளாகத்தில் 1984இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பாஞ்சோ கான்சாலஸின் கதை இதைவிடக் கொடியது. லாஸ் ஏஞ்சல்ஸின் பொதுக் களங்களில் தாமாகவே கற்று, 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டத்தை வென்று, பிழைப்புக்காகத் தொழில்முறைக்குப் போனவர், மறுபடி பெரிய போட்டிகளுக்குள் வர 1968 வரை காத்திருந்தார். தம் நாற்பதாவது வயதில் பிரெஞ்சு ஓப்பனின் அரையிறுதி வரை வந்தார்.

அதே 1968இல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஆர்தர் ஆஷ் அப்போது அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாதவர், எனவே பரிசுத்தொகை 14,000 டாலரை அவர் வாங்க முடியவில்லை. அவரிடம் தோற்ற டாம் ஓக்கர் அதைப் பெற்றுக்கொண்டார். தோற்றால் பணமும் வென்றால் கோப்பையும் கிடைத்த ஒரே இறுதி ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும் என்று எழுத நினைத்தேன். ஒரே ஆட்டம் என்பதை நிரூபிக்க முடியாததால் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 15

பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று, மன்னருக்கு எதிரான உறுதிமொழியை வெர்சாயில் உள்ளரங்க டென்னிஸ் கூடத்தில்தான் எடுத்தார்கள் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மை. கூடியவர்கள் ஆட வரவில்லை, வழக்கமான மண்டபத்தின் கதவு பூட்டியிருந்ததால் வந்தார்கள். இருந்தாலும் பணக்காரர் விளையாட்டின் கூரைக்குக் கீழ் ஒருமுறையாவது அப்படி நடந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஜூன் 18

பெற்றோராக ஒரு குறிப்பு. என் மகள் நான்கு ஆண்டுகள் இளையோர் போட்டிகளில் ஆடினாள். செலவு எங்கே போகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை, பிறகு அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டபோதுதான் புரிந்தது. 32 பேர் ஆடும் வெளியேற்றப் போட்டியில் மொத்தம் 31 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இருவர் என்றால் 62 இடங்கள், 32 பேருக்குப் பகிர்ந்தால் சராசரியாக ஆளுக்கு இரண்டு ஆட்டங்கள்கூட வரவில்லை. பாதிப்பேர் ஒரே ஆட்டத்தோடு திரும்புகிறார்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்காக இரவுப் பயணம், தங்கும் அறை, நுழைவுக் கட்டணம், எங்களில் ஒருவருக்கு இரண்டு நாள் விடுப்பு. தோற்ற பிள்ளையோடு திரும்பும் பயணத்தில் நாம் எதுவும் பேசக் கூடாது என்பதை நான் கற்றுக்கொள்ளவே ஓராண்டு ஆயிற்று.

குழு விளையாட்டில் பயணச் செலவைக் குழு பகிர்ந்துகொள்கிறது. டென்னிஸில் பகிர யாரும் இல்லை.

ஜூன் 19

மேலே போகப்போக நிலைமை மாறும் என்று நினைப்பவர்களுக்கு: சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டின் கணக்குகளை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே, வரவும் செலவும் சமமாகும் புள்ளி ஆண்களில் 336ஆம் தரவரிசை, பெண்களில் 253 என்று வந்தது. உலகில் 400ஆவது இடத்தில் இருக்கும் ஒருவர் தம் தொழிலில் எவ்வளவு திறமையானவர் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஆடுவதற்குத் தாமே பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2024இல் ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான ஏடிபி, முதல் 100 இடங்களில் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலரைக் குறைந்தபட்ச வருமானமாக உறுதிசெய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டது என்பதே போதுமான சான்று.

ஜூன் 22

ஜூன் 9 குறிப்பில் பல மாதங்கள் ஆகும் என்று எழுதியிருந்தேன், அதை ஓரளவு தளர்த்த வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என மூன்று படிகளில் வேகம் குறைந்த பந்துகள் இப்போது இருக்கின்றன. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2012 முதல் விதி. சிவப்புப் பந்தையும் 11 மீட்டர் நீளக் களத்தையும் கொடுத்தால் முதல் நாளிலேயே இரண்டு குழந்தைகள் தங்களுக்குள் பந்தைப் போட்டு எடுக்கிறார்கள், எதிரே பெரியவர் நிற்க வேண்டியதில்லை. மட்டை விலை குறைந்ததைவிட இந்த மெதுவான பந்துதான் டென்னிஸைப் பலருக்குத் திறந்துவிட்டது என்பது என் எண்ணம். கேள்வி கேட்டவர் பெரியவராகவே இருந்தாலும் வெட்கப்படாமல் ஆரஞ்சுப் பந்தில் தொடங்கலாம்.

ஜூன் 27

ஜூன் 8 குறிப்புக்கு ஒரு திருத்தம். இந்த இழையைப் படித்துவிட்டு என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "யார் துணையும் இல்லாமல் கற்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, வெளியே போன பந்தையெல்லாம் ஓடி எடுத்து உனக்குப் போட்டுக்கொண்டிருந்தது யார்?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும், அவர் மட்டை இல்லாமல் நின்றிருக்கிறார். வீட்டில் இருந்த மட்டை ஒன்றுதான்.

ஜூன் 11 வரிசையில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.